குளிர்காலம் சேமிக்கும் காலம்: சீன மரபில் உடலைப் பேணும் வழி, படிப்படியாக

சீன மூலிகை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜின்செங். குளிர் தொடங்கியதும் ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டால் இந்த ஆண்டைச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறோம். சீன மருத்துவத்தின் மூல நூல்களைத் திறந்தால் வரிசை வேறு மாதிரி இருக்கிறது. முதலில் தூக்கம். அடுத்து கதகதப்பு. அப்புறம் சாப்பாடு. மூலிகைக்கு இடம் கடைசியில்தான்.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழைமையான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ என்ற மருத்துவ நூலின் முதல் பாகத்தில், இரண்டாவது அத்தியாயமே நான்கு பருவங்களில் எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றியதுதான். குளிர்காலத்தின் மூன்று மாதங்களை அது மூடிவைத்துச் சேமிக்கும் காலம் என்கிறது. தண்ணீர் உறைகிறது, நிலம் வெடிக்கிறது. இந்த நேரத்தில் உள்ளே இருக்கும் யாங்கைக் கிளறாதே என்கிறது. யாங் என்பதை உடம்பின் சூடு, இயக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அதைச் செலவழித்தவர் வசந்தத்தில் தளர்ந்து போவார் என்பது நூலின் கணக்கு. அதனால் ‘என்ன மருந்து சேர்ப்பது’ என்று கேட்பதற்கு முன், ‘எதை வீணாக்கிக்கொண்டிருக்கிறோம்’ என்று பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உண்மையான குளிர்காலம் உள்ள ஊர்களுக்கானது: பெய்ஜிங், ஷாங்காய், டொரன்டோ, லண்டன், ஆஸ்லோ போன்றவை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மார்கழிப் பனிக்கு ஆட்டுக்கறியும் டாங் குய் என்ற மூலிகை வேரும் போட்டுச் சூப் காய்ச்ச வேண்டியதில்லை. சீனாவிலேயே வெப்பமான தெற்குப் பகுதியான குவாங்டோங்கில் சூப் இலகுவாக இருக்கும். ஊரையும் உடம்பையும் பார்த்துத்தான் மருந்து என்பது இந்த மரபின் அடிப்படை.

முதல் படி: நாட்காட்டியைக் கையில் எடுங்கள்

சீன மரபில் ஓர் ஆண்டு 24 சூரியப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சூரியன் தன் பாதையில் 15 பாகை நகரும்போதெல்லாம் ஒரு புதிய பருவம், அதாவது ஏறத்தாழ 15 நாளுக்கு ஒன்று. 2016-இல் யுனெஸ்கோ இந்த முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. குளிர்காலத்துக்கு உரியவை ஆறு: நவம்பர் 7 வாக்கில் குளிர்காலத் தொடக்கம், 22 வாக்கில் சிறுபனி, டிசம்பர் 7 வாக்கில் பெரும்பனி, 21 அல்லது 22-இல் டோங்ஜி, ஜனவரி 5 வாக்கில் சிறுகுளிர், 20 வாக்கில் பெருங்குளிர். பிப்ரவரி 4 வாக்கில் வசந்தம் தொடங்கிவிடும்.

இவற்றில் டோங்ஜிதான் அச்சாணி. ஆண்டின் மிக நீண்ட இரவு அது. அன்றோடு யாங்குக்கு எதிரான யின், அதாவது குளிர்ச்சியும் அடக்கமும், உச்சத்தைத் தொட்டு யாங் மறுபடி பிறக்கிறது என்பார்கள். டோங்ஜியிலிருந்து ஒன்பது ஒன்பது நாட்களாக 81 நாட்களை எண்ணுவது சீன வழக்கம். ஜனவரி 8 வாக்கில் தொடங்கும் மூன்றாவது ஒன்பதுதான் கடுங்குளிர். பகல் அதற்குள் நீளத் தொடங்கியிருந்தாலும், நிலம் பெறும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பம் அதிகமாக இருப்பதால் குளிர் தாமதமாகத்தான் உச்சத்துக்கு வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. நவம்பர் முழுவதும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்துங்கள். டோங்ஜியிலிருந்து வலுவூட்டும் உணவுகளைத் தொடங்குங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரு காகிதத்தில் இந்தத் தேதிகளை எழுதிச் சமையலறையில் ஒட்டிவைத்தால் போதும்.

இரண்டாம் படி: சீக்கிரம் படுங்கள், வெளிச்சம் வந்ததும் எழுங்கள்

நெய்ஜிங் குளிர்காலத்துக்குச் சொல்லும் முதல் கட்டளை இதுதான்: சீக்கிரம் படு, தாமதமாக எழு, சூரிய வெளிச்சம் வரும்வரை காத்திரு. மற்ற மூன்று பருவங்களிலும் காலையில் சீக்கிரம் எழச் சொல்லும் அதே நூல், குளிர்காலத்துக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுக்கிறது. விடியும் முன் எழுவதை உயர்ந்த ஒழுக்கமாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கலாம். ஆனாலும் முழு வழிகாட்டியிலும் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

வேலைக்குப் போகிறவர்களால் காலையை நீட்ட முடியாது. அதனால் இரவில் விழித்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். வழக்கமாகப் படுக்கும் நேரத்திலிருந்து வாரத்துக்கு 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். டோங்ஜி வருவதற்குள் ஒரு மணி நேரம் கிடைத்துவிடும். படுப்பதற்கு முன் வீட்டு விளக்குகளைக் குறையுங்கள், காலையில் வெளிச்சம் வந்ததும் திரைச்சீலையை விலக்குங்கள். ஓட்டம், நடைப்பயிற்சியெல்லாம் வெயில் வந்த பிறகு. ஐந்து மணிக்கு இருட்டில் பனியில் நடப்பது இந்த மரபின்படி சேமிப்பு அல்ல, செலவு. வடக்கு ஐரோப்பாவிலும் கனடாவிலும் எட்டு, ஒன்பது மணிக்குத்தான் விடியும் என்பதால் அங்கே இருப்பவர்கள் மதிய உணவு இடைவேளையில் வெளியே போய் வெளிச்சம் பட நின்றுவிட்டு வருவது நல்லது.

மூன்றாம் படி: காலிலிருந்து கதகதப்பு

கழுத்து, அடிவயிறும் இடுப்பும், பாதம் ஆகிய மூன்றையும் குளிரில் திறந்து போடக் கூடாது. சீன மருத்துவத்தில் பருவங்களுக்கும் உறுப்புகளுக்கும் தொடர்பு உண்டு. குளிர்காலத்துக்கு உரியது சிறுநீரகம். நவீன மருத்துவம் சொல்லும் உறுப்பை மட்டும் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை, உடம்பின் அடிப்படைச் சேமிப்பு முழுவதையும் அந்தப் பெயரில் வைக்கிறார்கள். அதன் ஆற்றல் ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதை உள்ளங்காலில் தொடங்குகிறது என்பதால் கால் குளிர்ந்தால் எல்லாம் குளிரும் என்பது நம்பிக்கை.

இரவில் கால் நனைத்தல் சீன வீடுகளில் இன்றும் பரவலான பழக்கம். கணுக்காலுக்கு மேல் வரும் ஆழமான வாளியில் 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் தண்ணீர் எடுத்து, படுப்பதற்கு முன் 15 முதல் 20 நிமிடம் கால்களை வையுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். இரண்டு மூன்று துண்டு நசுக்கிய இஞ்சியோ ஒரு பிடி உலர்ந்த ஆய் இலையோ போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கலக்கலாம். ஆய் என்பது நம்மூர் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்தது. நெற்றியில் லேசாகச் சூடு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், வியர்த்துக் கொட்டும்வரை உட்கார வேண்டாம். பிறகு நன்றாகத் துடைத்துச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கலாம்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அவர்கள் இதைச் செய்ய வேண்டாம். கம்பளிச் சாக்ஸ் போதும். காலில் புண், நரம்புச் சுருட்டல், இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

நான்காம் படி: உங்கள் குளிர் எந்த வகை?

இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் பலருக்கு வலுவூட்டும் உணவே தொல்லையாக முடிகிறது. இரண்டு கேள்விகள். உங்கள் வீடு எப்படி? உங்கள் உடம்பு எப்படி?

முதலில் வீடு. சீனாவில் சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கே நகரங்களில் குழாய்வழி வெப்பம் வருகிறது. பெய்ஜிங்கில் வழக்கமாக நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. அதனால் வெளியே கடுங்குளிர், உள்ளே வறண்ட சூடு. தொண்டை காய்கிறது, உதடு வெடிக்கிறது, மூக்கில் இரத்தம் கசிகிறது. கோட்டுக்குத் தெற்கே ஷாங்காய்ப் பக்கம் அந்த வசதி பொதுவாக இல்லை. ஈரம் கலந்த குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும். வடக்கில் பேரிக்காயும், ஸ்னோ ஃபங்கஸ் என்று உலர்ந்த நிலையில் விற்கும் வெள்ளைக் காளானும் தேவைப்படும் அதே வாரத்தில், தெற்கில் இஞ்சியும் ஆட்டுக்கறியும் தேவைப்படுகின்றன. ஹீட்டர் 24 மணி நேரமும் ஓடும் டொரன்டோ அடுக்குமாடி வீடு இந்தக் கணக்கில் பெய்ஜிங்தான். சரியாகச் சூடேறாத லண்டனின் பழைய வீடு ஷாங்காய்.

அடுத்து உடம்பு. காலையில் பல் விளக்கும் முன் நாக்கைப் பாருங்கள். நாக்கு வெளிறி, மேலே வெள்ளைப் படலம் இருந்து, கை கால் எப்போதும் சில்லென்று, வெந்நீர் குடிக்கத் தோன்றி, மலம் இளகிப் போனால் அது குளிர்ந்த உடல்வாகு. நாக்கு சிவந்து, மஞ்சள் படலம் படர்ந்து, வாய்ப்புண், மலச்சிக்கல், தாகம் என்று இருந்தால் சூட்டு உடல்வாகு. உடம்பு சூடு என்று நம் வீடுகளில் சொல்வதும் சீனர்கள் ‘ஷாங் ஹுவோ’ என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. சூட்டு உடல்வாகுக்காரர் டோங்ஜி வந்துவிட்டது என்பதற்காக இலவங்கப்பட்டையையும் ஆட்டுக்கறியையும் அள்ளிப் போட்டால் வாய்ப்புண்தான் மிஞ்சும்.

வயிறு சரியில்லாதவர்களுக்கு இன்னொரு விதி. செரிமானம் பலவீனமாக இருக்கும்போது கனமான சத்துணவு ஏறாது. அப்படிப்பட்டவர்கள் இரண்டு வாரம் அரிசிக் கஞ்சி, வேகவைத்த காய்கறி, கொஞ்சம் இஞ்சி என்று வயிற்றைச் சரிசெய்துகொண்டு பிறகு தொடங்கட்டும்.

ஐந்தாம் படி: சமையலறையை மாற்றுங்கள்

மருந்தால் வலுவூட்டுவதைவிட உணவால் வலுவூட்டுவது மேல் என்று சீனத்தில் ஒரு பழமொழி. இன்னொன்று: குளிர்காலத்தில் முள்ளங்கியும் கோடைகாலத்தில் இஞ்சியும் தின்றால் வைத்தியர் சீட்டு எழுத வேண்டியதில்லை. குளிர்காலத்தில் முள்ளங்கியா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. குளிரில் கறியும் கொழுப்பும் அதிகம் சாப்பிடுகிறோம், நடமாட்டம் குறைகிறது, வயிற்றில் தேங்குகிறது. வெள்ளை முள்ளங்கி அதை இறக்கிவிடுகிறது. எனவே கறி சமைக்கும் நாளில் முள்ளங்கியும் இருக்கட்டும். பெய்ஜிங்கில் முன்பெல்லாம் நவம்பரில் குடும்பம் குடும்பமாக முட்டைக்கோஸ் வகையான பாய்ச்சாயை வாங்கி வாசலில் அடுக்கிவைப்பார்கள். பாய்ச்சாய், முள்ளங்கி, டோஃபு மூன்றும்தான் வடக்கின் குளிர்கால அடித்தளம், ஜின்செங் அல்ல.

குளிர்காலத்தின் நிறம் கறுப்பு என்பதால் கறுப்பு உணவுகளுக்குத் தனி மரியாதை. கறுப்பு எள்ளையும் அக்ரூட்டையும் சம அளவில் தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டுப் பொடித்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் கஞ்சியில் ஒரு மேசைக்கரண்டி போதும். இரண்டிலும் எண்ணெய் அதிகம் என்பதால் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது, இல்லாவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும்.

காலைப் பானமாக இஞ்சி–இலந்தைத் தேநீர். சீன இலந்தை நம் இலந்தையின் நெருங்கிய உறவு. சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் ரெட் டேட்ஸ் என்று கிடைக்கும். ஐந்து பழத்தைக் கொட்டை நீக்கிக் கீறி, மூன்று மெல்லிய இஞ்சித் துண்டுகளோடு இரண்டு கோப்பைத் தண்ணீரில் 15 நிமிடம் சிறு தீயில் வையுங்கள். பழமே இனிக்கும், சர்க்கரை வேண்டாம். இதைக் காலையில் மட்டும் குடிக்கச் சொல்வார்கள். காலை இஞ்சி ஜின்செங் கசாயத்துக்கு மேல், இரவு இஞ்சி விஷத்துக்குச் சமம் என்ற பழமொழி மிகைதான். ஆனாலும் கிளர்த்தும் பொருளை இரவில் தவிர்ப்பது இரண்டாம் படியோடு ஒத்துப்போகிறது.

வறண்ட வீட்டுக்காரர்களுக்கு: ஓர் ஆசியப் பேரிக்காயைத் தோலோடு நறுக்கி, சிறு கட்டி கற்கண்டு, ஊறவைத்த வெள்ளைக் காளான் ஆகியவற்றோடு மண்சட்டியில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். காளான் பசைபோல இளகி வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: உலர்ந்த காளானை ஓரிரு மணி நேரம் ஊறவைத்தால் போதும். அறை வெப்பத்தில் இரவு முழுவதும், நாள்கணக்கில் ஊறவிட்ட காளானில் நச்சுக் கிருமி வளர்ந்து உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு போகாது.

ஆறாம் படி: டோங்ஜி ஆட்டுக்கறி சூப்

சீனக் குளிர்கால மரபை ஒரே பாத்திரத்தில் காட்ட வேண்டும் என்றால் இந்தச் சூப்பைத்தான் காட்டுவேன். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹெனான் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்தது. டாங் குய், இஞ்சி, ஆட்டுக்கறி, மூன்றே மூன்று பொருட்கள். குளிரால் வரும் வயிற்று வலிக்கும், பிரசவத்துக்குப் பிறகு வரும் வலிக்கும் மருந்தாகவே அவர் இதைத் தந்தார். குளிர் அதிகமாக இருந்தால் இஞ்சியைக் கூட்டு என்றும் குறிப்பு எழுதியிருக்கிறார்.

வடக்கில் டோங்ஜி அன்று ஜியாவ்ஸ் என்ற மாவுப் பொதி சாப்பிடுவதற்கும் இவரையே காரணம் சொல்கிறார்கள். ஊர் திரும்பியபோது ஏழைகளின் காதுகள் குளிரில் புண்ணாகியிருப்பதைக் கண்டு, ஆட்டுக்கறியும் மூலிகையும் மிளகாயும் வேகவைத்துக் காது வடிவ மாவில் பொதிந்து கொடுத்தாராம். மிளகாய் சீனாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் என்பதால் கதையில் அது பிற்காலச் சேர்க்கை. ஆனாலும் டோங்ஜியில் ஜியாவ்ஸ் சாப்பிடாவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும் என்று குழந்தைகளிடம் இன்றும் சொல்கிறார்கள். தெற்கிலும் சிங்கப்பூர், மலேசியச் சீனர் வீடுகளிலும் அன்றைய பலகாரம் டாங்யுவான், பசையரிசி மாவு உருண்டை. குடும்பம் சேர்ந்து உருட்டுவது.

சரி, சூப்புக்கு வருவோம். நான்கு பேருக்கு: எலும்போடு ஆட்டுக்கறி அரைக் கிலோ, இஞ்சி 30 கிராம், டாங் குய் 10 கிராம். டாங் குய் என்பது சீனாவின் கான்சு மாகாணத்தில் ‘மின்’ என்ற வட்டாரத்தில் விளைவதற்குப் பெயர்போன வேர். செலரி வாடையும் லேசான கசப்பும் இருக்கும். அளவு கூடினால் சூப் கசந்துவிடும்.

கறியைக் குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதி வந்து அழுக்கு நுரை மேலே திரண்டதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறியை வெந்நீரில் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் கழுவினால் கறி இறுகிவிடும். இஞ்சியைத் தோலோடு வட்டமாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் இல்லாமல் மணம் வரும்வரை வாட்டுங்கள். கறியைச் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டி, இரண்டு லிட்டர் வெந்நீர் ஊற்றி, கழுவிய டாங் குய்யைப் போடுங்கள். ஒரு கொதி வந்ததும் தீயை மிகச் சிறியதாக்கி மூடி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். உப்பு இறக்கும்போதுதான். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடுங்கள். மிளகு, மசாலா எதுவும் வேண்டாம். நம் கை தானாக மஞ்சள்தூளைத் தேடும், ஒருமுறை அதில்லாமல் குடித்துப் பாருங்கள்.

குளிர்ந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு வாரம் ஒரு கிண்ணம், டோங்ஜி முதல் ஜனவரி இறுதி வரை. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் இருக்கும் வாரத்தில் கிடையாது. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிறவர்களும் டாங் குய்யைத் தவிர்க்க வேண்டும். அவர்கள் அதை விட்டுவிட்டு முள்ளங்கி சேர்த்துச் செய்தாலே அருமையான சூப்.

கறி சாப்பிடாதவர்களுக்கு ஜனவரி வாக்கில் லாபா திருநாள் வருகிறது, சந்திர நாட்காட்டியின் 12-ஆம் மாதம் 8-ஆம் நாள். புத்தர் ஞானம் பெற்ற நாளாகச் சீன பௌத்தர்கள் கொண்டாடுவது. பெய்ஜிங்கின் யோங்ஹெ கோயிலில் அன்று கஞ்சி வழங்குவார்கள், விடியும் முன்பே மக்கள் வரிசையில் நிற்பார்கள். அரிசி, தினை, செம்பயறு, தாமரை விதை, நிலக்கடலை, இலந்தை, அக்ரூட் எல்லாம் சேரும் கஞ்சி அது. பயறுகளை முந்தின இரவே ஊறவைத்து முதலில் வேகவையுங்கள். பிறகு அரிசியும் தினையும். இலந்தை கடைசி அரை மணி நேரத்தில்.

ஏழாம் படி: இப்போது மூலிகைக் கடை

இதுவரை சொன்னதை மூன்று நான்கு வாரம் செய்த பிறகே இங்கே வாருங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கவை என நான் கருதுவது: உலர் இஞ்சி, அதாவது நம் சுக்கு, சீன இலந்தை, நிங்ஷியாவின் கோஜி பழம், குவாங்டோங்கின் ஷின்ஹுய் பகுதிக்குப் புகழ் தந்த உலர்ந்த ஆரஞ்சுத் தோல், சூப்பில் போடும் ஹுவாங் சி வேர். இவை உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்டவை. சூப்பில் 10 முதல் 15 கிராம் ஹுவாங் சி, ஒரு சிறு கைப்பிடி கோஜி என்ற அளவைத் தாண்ட வேண்டியதில்லை. கோஜியும் வார்ஃபரினோடு ஒத்துப்போகாது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் தன்னெதிர்ப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் ஹுவாங் சி எடுக்கக் கூடாது.

இலவங்கப்பட்டையில் ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். சீனப் பட்டை தடித்தது, காரமானது, அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் அதிகம் எடுத்தால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். இலங்கையின் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. தினமும் தேநீரில் போடுகிறவர்கள் கறுவாவுக்கு மாறுவது நல்லது. அதிமதுரத்தை இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடர்ந்து எடுக்கக் கூடாது. அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஜின்செங் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையைத் தாழ்த்தும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லா மூலிகைகளையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொடவே கூடாதவை: எஃபெட்ரா செடியான மா ஹுவாங், வச்சநாவி இனத்தைச் சேர்ந்த ஃபூ ஜி. முதலாவதன் எஃபெட்ரின் இதயத்தைத் தாக்கும். அமெரிக்கா 2004-இல் இதை உணவுத் துணைப்பொருட்களில் தடை செய்தது. இரண்டாவது, சரியாகப் பதப்படுத்தாமலோ சரியாகக் கொதிக்காமலோ போனால் கொல்லும். பெயர் தெரியாத பொடி எதையும் வாங்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைக் குறைப்பு மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுச் செடி கலந்துபோனதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பிழை நடந்தது பெயர்க் குழப்பத்தால்.

வாங்கும்போது நிறத்துக்கு மயங்க வேண்டாம். கண்ணைப் பறிக்கும் சிவப்பில் கோஜி, அளவுக்கு மீறி வெளுத்த வேர், முகர்ந்தால் மூக்கில் ஏறும் புளித்த வாடை என்றால் கந்தகப் புகை காட்டியிருக்கலாம். முழுதாக, பொடிக்காமல், பெயரும் விளைந்த இடமும் அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள்.

கசாயம் போடும் முறை: மண்சட்டியோ கண்ணாடியோ எவர்சில்வரோ சரி, இரும்பும் அலுமினியமும் வேண்டாம். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பெருந்தீயில் கொதி வரவைத்து, சிறு தீயில் 30 நிமிடம். வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றி 20 நிமிடம். இரண்டு வடிநீரையும் கலந்து காலையும் மாலையும் பாதிப் பாதி.

ஷாங்காய், சேஜியாங் பக்கம் காவ்ஃபாங் என்ற குளிர்கால லேகியம் பெயர்போனது. மருத்துவர் ஒருவரை நேரில் பார்த்து, இருபது முப்பது மூலிகைகள் எழுதி, காய்ச்சி இறுக்கி, டோங்ஜி முதல் வசந்தத் தொடக்கம் வரை தினம் ஒரு கரண்டி. அதற்கு முன் ஓரிரு வாரம் வயிற்றைத் தயார்படுத்த வேறு கசாயம் கொடுப்பார்கள். இது அந்த ஓர் ஆளுக்காகவே எழுதப்படுவது, கடையில் டப்பாவாக வாங்கி அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இதில் சேரும் அஜியாவ், கழுதைத் தோலிலிருந்து எடுக்கும் பசை. இதற்கான தேவை ஆப்பிரிக்காவின் கழுதைகளை அழித்துக்கொண்டிருந்ததால் 2024-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தோல் வணிகத்துக்காகக் கழுதைகளைக் கொல்வதற்குத் தடை விதித்தது. தண்ணீர் சுமக்கவும் வண்டி இழுக்கவும் கழுதையை நம்பி வாழும் குடும்பங்களை நினைத்தால், அஜியாவ் இல்லாமல் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதே நியாயம்.

எட்டாம் படி: சளி பிடித்த முதல் நாள்

வலுவூட்டும் சூப், ஜின்செங், ஹுவாங் சி அனைத்தையும் அன்றே நிறுத்துங்கள். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது கதவைப் பூட்டாதே என்பது சீன மருத்துவர்களின் வாக்கு.

குளிர் நடுக்கம், வியர்வையே இல்லாமை, தெளிவான மூக்கு நீர், கழுத்துப் பிடிப்பு என்றால் அது குளிரால் வந்தது. மூன்று வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியை வேரோடு கழுவி, ஐந்து துண்டு இஞ்சியோடு இரண்டு கோப்பைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் மட்டும் கொதிக்கவையுங்கள். கூடுதலாகக் கொதித்தால் மணம் பறந்துவிடும், மணம்தான் மருந்து. வெங்காயத்தாளோடு புளித்த சோயா சேர்த்த கசாயத்தை 4-ஆம் நூற்றாண்டிலேயே கோ ஹோங் என்ற மருத்துவர் அவசர மருந்தாக எழுதியிருக்கிறார்.

குடித்த பிறகு என்ன செய்வது என்பதை ஜாங் ஜோங்ஜிங் விவரமாகச் சொல்கிறார். இலவங்கப்பட்டை மரத்தின் குச்சியும் இஞ்சியும் இலந்தையும் சேரும் அவருடைய கசாயத்தைக் குடித்துச் சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும், போர்வை போர்த்திக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், உடம்பு முழுவதும் லேசாக ஈரமாகும் அளவுக்கு வியர்க்க வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது. வழிந்தோடினால் நோய் போகாது என்கிறார். நம் வீடுகளில் ஆவி பிடித்து ஒழுக ஒழுக வியர்ப்பதை நல்லது என்று நினைப்போம். அவர் சொல்வது வேறு, அதை மதித்துப் பார்க்கலாம்.

தொண்டை எரிச்சல், மஞ்சள் சளி, தாகம், நல்ல காய்ச்சல் என்றால் இஞ்சி பொருந்தாது. பேரிக்காய், புதினா, வெதுவெதுப்பான நீர், ஓய்வு. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழந்தையோ முதியவரோ சோர்ந்து கிடத்தல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனை. இலையுதிர்காலத்தில் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இதிலுள்ள எந்தக் கசாயமும் அதற்கு மாற்று இல்லை.

ஒன்பதாம் படி: அசைவும் மனமும்

வியர்க்க வியர்க்க ஓடுவது குளிர்காலத்துக்கு உரியதல்ல. தோலைத் திறந்து சூட்டை வெளியே விடாதே என்கிறது நெய்ஜிங். சோங் வம்சக் காலத்திலிருந்து வழங்கிவரும் எட்டு அசைவுப் பயிற்சியான பாதுவான்ஜின் இதற்குப் பொருத்தம். கைகளைக் கோத்து வானத்தைத் தாங்குவதுபோல் உயர்த்துவது முதல் அசைவு. குனிந்து பாதத்தைப் பற்றி இடுப்பை நீட்டுவது இன்னொன்று. குதிகாலை உயர்த்தி ஏழு முறை மெல்லத் தரையில் இறக்குவது கடைசி. கால் மணி நேரம், வீட்டுக்குள்ளேயே போதும்.

மனத்துக்கு ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. டோங்ஜி அன்று ஒரு பிளம் கிளை வரையுங்கள், அதில் ஒன்பது பூ, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இதழ், வெறும் கோட்டுருவமாக. நாளுக்கு ஒரு இதழுக்குச் சிவப்பு தீட்டுங்கள். 81-ஆம் நாள் மரம் முழுவதும் பூத்திருக்கும், வெளியேயும் குளிர் விலகியிருக்கும். சிங் வம்ச அரண்மனையில் ஒன்பது கோடுகள் கொண்ட ஒன்பது எழுத்துகளை இதே மாதிரி நாளுக்கு ஒரு கோடாக நிரப்பினார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். இருண்ட மாதங்களில் மனம் தளர்பவர்களுக்கும் நாள் நகர்வது கண்ணில் தெரியும். தளர்ச்சி வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

பத்தாம் படி: பிப்ரவரி 4-க்குப் பிறகு

ஆட்டுக்கறி சூப், டாங் குய், லேகியம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வடக்கில் அன்று முள்ளங்கியைக் கடித்தும், முளைகட்டிய பயறும் பச்சைக் கீரையும் மெல்லிய அடையில் சுருட்டியும் சாப்பிடுவார்கள். காலையில் எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்த்தலாம். ஆனால் கம்பளியைக் கழற்றுவதில் அவசரம் வேண்டாம். வசந்தத்தில் போர்த்து, இலையுதிர்காலத்தில் குளிரைக் கொஞ்சம் தாங்கு என்பது சீனப் பேச்சு. பகல் வெயிலை நம்பி மேலாடையைக் குறைத்துவிட்டு மாலைக் காற்றில் மாட்டிக்கொள்வது இந்த மாதத்தில்தான். இடுப்புக்கு மேல் ஓர் அடுக்கைக் குறைக்கலாம், கால்களுக்குக் கடைசியில்.

ஒவ்வொரு குளிரிலும் ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் வருகிறவர்கள் சீனாவில் அடுத்த குளிருக்கான வேலையை ஜூலையிலேயே தொடங்குகிறார்கள். ஆண்டின் மிக வெப்பமான ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் வெண்கடுகு முதலான மூலிகைப் பசையை முதுகில் ஒட்டிக்கொள்ள மருத்துவமனைகளில் கூட்டம் நிற்கும். தோலில் கொப்புளம் வரக்கூடிய சிகிச்சை இது, அதனால் வீட்டில் முயல வேண்டாம். உங்கள் நகரில் தகுதிபெற்ற சீன மருத்துவர் இருந்தால் ஜூன் இறுதியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.